மறைத்ததும் பூட்டியதும்

திங்கள், காலை

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை, பூட்டியிருக்கவில்லை. மறைத்துத்தான் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

நேற்று வண்டி அக்காவிடம், "அந்த ஆப்பைத் திறக்க வேண்டாம்னு அண்ணிகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். "ஏன், அது பூட்டித்தானே இருக்கு?" என்று நீங்கள் கேட்டதாக வந்து சொன்னார். அதற்குத்தான் இந்தப் பதில். காகிதத்தில் எழுதுகிறேன். போனில் சொல்லவோ மெயிலில் அனுப்பவோ தைரியம் இல்லை. "காப்பகத்துக்கு வண்டி ஓட்டுறேன்னுதான் ஒத்துக்கிட்டேன், தபால்காரி வேலையுமா?" என்று வண்டி அக்கா அலுத்துக்கொண்டார். ஆனாலும் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார்.

நடந்ததைச் சொல்கிறேன். பதறாமல் படியுங்கள். நான் பதறிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நேற்று அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. அண்ணன் வந்திருந்தான். நீங்கள் அந்த வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவன் சத்தம் போடுவதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். அம்மா அதைப் பார்த்து, திருந்திவிட்டான் என்கிறாள். எனக்கு அந்தத் தட்டுக் கழுவும் ஓசையே பிடிக்கவில்லை.

ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வர வேண்டும் அவனுக்கு. உங்களுக்குத் தெரியும். உரித்துக்கொண்டே பழத்திடம் சொல்வது போலச் சொன்னான்:

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முட்டி வலிய வெச்சுக்கிட்டு எப்படித்தான் ஏறி இறங்குறாளோ."

"யாருடா?" என்றாள் அம்மா.

"யாரோ" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு சுளை நீட்டினான்.

வாங்கித் தின்றேன் அண்ணி. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

நீங்கள் இருப்பது எத்தனையாவது மாடி என்று அதுவரை எனக்கே தெரியாது. காப்பகத்துப் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் அந்தச் செயலியைச் செய்தவள் நான்தான். ஆனால் பெண்கள் ஒளிந்து தங்கும் வீடுகளை அதில் ஏற்றுவது காப்பகத்தை நடத்தும் டீச்சர். அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. திறக்கலாம், திறக்கவில்லை. அது ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அறைக்குத் திரும்பியதும், என்னைத் தெரியாத யாரோ ஒருத்தியாக என் செயலிக்குள் போய்ப் பார்த்தேன். புது மெயில் முகவரி, பொய்ப் பெயர். ஓட்டுநராகச் சேர விருப்பம் என்று ஒரு டிக். உள்ளே விட்டுவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. திரையில் தவறு ஒன்றும் தெரியவில்லை. பயணங்கள் மட்டும், முகவரிகள் இல்லாமல், நான் செய்துவைத்தபடியே.

பிறகு உலாவியில் இன்னொரு பலகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் திறக்கும்போது அந்தத் தளத்திலிருந்து நம் கணினிக்கு என்னென்ன வந்து இறங்குகிறது என்று காட்டும் பலகம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அண்ணன் அலுவலகக் கணினிகளைப் பழுது பார்க்கிறவன். அவனுக்கு அது தினப்படி வேலை.

எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லா வீடும். எல்லாப் பெண்ணும். திரை காட்டாமல் இருந்ததே தவிர, அனுப்பாமல் இருக்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் கதவு இருக்கிறது என்று நினைத்தேன். சுவரே இல்லை.

நான் நிரல் எழுதத் தெரிந்தவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். படங்களுக்கு வசன வரி போடுகிறவள். பெட்டிகளை இழுத்து வைத்தால் செயலி வந்துவிடும் என்றார்கள். இழுத்து வைத்தேன், வந்துவிட்டது. 'இந்தப் பெட்டி யாருக்குத் தெரியக்கூடாது' என்று ஒரு கேள்வி இருந்தது, அதை நிரப்பினேன். 'இந்தத் தகவலை யார் எடுக்கலாம்' என்ற கேள்வி வேறொரு பக்கத்தில், உள்ளே தள்ளி இருந்தது. அதில் 'எல்லாரும்' என்று ஏற்கெனவே போட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை.

இணைப்பு அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். நான்தான் கொடுத்தேன். தயாரான அன்று குடும்பக் குழுவில் போட்டேன். 'என் கையால் செய்தது, எல்லாரும் பாருங்கள்.' சித்தப்பா கைதட்டும் படம் போட்டார். நீங்கள் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தீர்கள். 'வாழ்த்துகள் வாலு' என்று போட்டீர்கள். அண்ணன் ஒன்றும் போடவில்லை.

முகவரியைத் தேடியதில் உங்களுடையதும் கண்ணில் பட்டுவிட்டது. மன்னியுங்கள். உடனே மூடினேன். மறக்க முயல்கிறேன். மறக்க முயல்வதாலேயே நினைவில் நிற்கிறது.

ஜன்னல் பக்கம் நிற்காதீர்கள். இப்போது டீச்சரைப் பார்க்கப் போகிறேன்.

உங்கள்
வாலு


திங்கள், சாயங்காலம்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தபோது கீழ் வீட்டில் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்போது யாரோ படியேறுவது போல இருக்கிறது. ஓடும்போது, யாராவது ஏறினால்கூடக் கேட்காதே என்று இருக்கிறது. எது தேவலை என்று முடிவு செய்ய முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் தள்ளினால் அது எத்தனை நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டிலும் நாற்காலி போட்டுப் பார்த்தவள்தானே.

நீ எழுதியிருக்கிற பலகம், பெட்டி எல்லாம் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியைச் சொல்கிறேன், சரியா பார். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் பவர் எழுதிய அட்டைகள் மேஜைக்குக் கீழே திறந்த பெட்டியில் இருக்கும். பேர், போன் நம்பர், வீடு எல்லாம் அதில் உண்டு. மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. குனிய மாட்டார்கள் என்பதுதான் அதற்குப் பூட்டு. உன் ஆப்பும் அப்படித்தானே?

ஆனால் உன் அண்ணன் குனிந்து பார்க்கிற ஆள். அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியாது.

இப்போது நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னாயா? வேண்டுமென்று இல்லை. அடுப்படியில் நின்று அம்மாவிடம் வாய் தவறி ஏதாவது? உன்னை நம்பாமல் கேட்கவில்லை. இல்லை, நம்பாமல்தான் கேட்கிறேன். என்னைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனவள் நீ. ஆனால் நீ அவருக்குத் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது, அவர் 'வாலு' என்று ஒரு குரல் கொடுத்தால் பாதிக் கனவிலிருந்து எழுந்து ஓடுவாய். ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்குத் தைரியம். உனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் சிரிப்பு வந்துவிடும். உன் மதிப்பெண் அட்டையில் நான் அம்மாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேனே, வகுப்பு வாசலிலேயே நின்று சிரித்துக் காட்டிக்கொடுத்தாய். கடிதத்தில் உன் முகம் தெரியவில்லை. அதுதான் கஷ்டம்.

இன்னொன்று. வியாழக்கிழமை நீதிமன்றத்துக்குப் போக வண்டி கேட்டிருந்தேன். வண்டி அக்காவுக்கு அன்று காலை வேறு ஒருத்தியை ஊருக்குக் கொண்டுவிட வேண்டுமாம். யாரோ புது ஓட்டுநர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நீ சொன்னபடி ஆப்பைத் திறக்கவில்லை, போனுக்குச் செய்தி தானாக வந்தது. வெள்ளைக் கார். கேள்விப்படாத பெயர். கீழே குறிப்பு எழுதியிருக்கிறார்: 'முன் இருக்கையைப் பின்னால் தள்ளி வைக்கிறேன். முட்டியை மடக்காமல் வசதியாக உட்காரலாம்.' படித்ததும் கண் கலங்கிவிட்டது. இத்தனை பயத்திலும் முகம் தெரியாத ஒரு மனுஷனுக்கு என் முட்டியைப் பற்றி அக்கறை. வண்டி கேட்கும் படிவத்தில் நான்தான் எழுதியிருப்பேன் போல. அன்றைக்கு இருந்த நிலையில் எதை எழுதினேன் என்றே நினைவில்லை.

அந்தச் செய்தி மட்டும்தான் இன்று வந்த நல்ல சேதி.

இப்படிக்கு,
லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி


செவ்வாய், காலை

அண்ணி,

அந்தக் காரில் ஏறாதீர்கள்.

படிவத்தில் முட்டியைப் பற்றி எழுத இடமே கிடையாது. நான் செய்த படிவம். பெயர், நேரம், இறங்க வேண்டிய இடம், கூட வருகிறவர்கள். அவ்வளவுதான். வேறு எதையும் அதில் எழுதவே முடியாது.

நேற்று இரவு உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. ஆரஞ்சு வாசனை வந்தது போல இருந்தது.

வண்டி அக்கா கீழே இன்ஜினை நிறுத்தாமல் காத்திருக்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

அந்த ஓட்டுநரைப் பார்த்தேன், அதாவது அவருடைய பக்கத்தை. படம் இல்லை. யாரும் நேரில் பார்த்ததில்லை. 'ஏற்கப்பட்டவர்' என்ற இடத்தில் டிக் இருக்கிறது. டீச்சர் போடவில்லை, நானும் போடவில்லை. செயலியைச் சோதித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் டிக் போட அலுத்து, புதிதாக யார் வந்தாலும் தானே டிக் விழும்படி வைத்திருந்தேன். சோதனை முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. டீச்சரின் சம்மதப் பொத்தானை மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைக்க மெனக்கெட்ட நான், சம்மதமே தேவையில்லாமல் செய்திருக்கிறேன்.

பகலில் டீச்சர் காப்பகத்தில் இல்லை, இரவுதான் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது பாதுகாப்பா இருக்குமான்னு அன்னைக்குக் கேட்டேனே, என்ன சொன்னே?"

"பாஸ்வேர்ட் இருக்கு டீச்சர்னு சொன்னேன்."

"நானும் அப்போ சரின்னு விட்டுட்டேன். திட்டணும்னா ரெண்டு பேரையும் திட்டணும். அதை அப்புறம் வெச்சுக்கலாம். இப்போ வீட்டைக் காலி பண்ற வழியப் பாரு. எல்லா வீட்டையும்."

அந்த ஓட்டுநரை நீக்க விரலைக் கொண்டுபோனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீக்கினா நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். வியாழக்கிழமை வரைக்கும் அவன் ஓட்டுநராவே இருந்துட்டுப் போகட்டும்."

அதனால் உங்கள் பயணம் திரையில் அப்படியே இருக்கும். அவனுக்கு அது ஒன்று மட்டும் தெரியும். மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். திரையிலிருந்து இல்லை, அடியிலிருந்து.

நீங்கள் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டி அக்காவுடன் இறங்கிவிடுங்கள். பின்பக்கப் படி. எங்கே என்று அவருக்கும் டீச்சருக்கும் தெரியும். ஊருக்குப் போக இருந்த பெண்ணை டீச்சரே ரயிலில் கூட்டிப் போகிறார். வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கு வண்டி அக்காவே வருவார்.

நான் சொல்லவில்லை அண்ணி. நேரில் இருந்தால் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். சிரிப்பு வரவில்லை.

வாலு


வெள்ளி

அன்புள்ள வாலுவுக்கு,

பத்திரமாக இருக்கிறேன். இந்த அறையைப் பற்றி எழுத மாட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட எழுத மாட்டேன்.

வண்டி அக்கா இன்று பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போயிருந்தார். கீழ் வீட்டு அம்மா, அதுதான் அந்தச் சலவை இயந்திரத்துக்காரர், படியிலேயே பிடித்துக்கொண்டாராம். நேற்று காலை வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றதாம். ஓட்டுநர் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்தாராம். ரொம்ப மரியாதையாக, "காப்பகத்துல இருந்து அனுப்பினாங்க" என்றாராம். முன் இருக்கையில் நீல மெத்தை ஒன்று இருந்ததாம். பழைய திரைச்சீலையை வெட்டி நான் தைத்தது அது.

அந்த அம்மா வண்டி அக்காவிடம் கேட்டது இதுதான்: "டிரைவர்னா கீழ நின்னு ஹாரன் அடிக்கணும். இவரு ஏன் மேல ஏறிப் போய்க் கதவுல வாயை வெச்சு, 'கண்ணு, கதவைத் திற'ன்னு சொல்லணும்?"

இதை எழுத முடிகிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் நான் நீதிமன்றத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வரவில்லை என்று எழுதிக்கொண்டு தேதியைத் தள்ளிப் போட்டார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிரிப்பு வந்தது. உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. அதைச் சொல்லிவிட்டு, அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன்.

ஆப்பை மூட வேண்டாம். மூடினால் காப்பகத்துப் பெண்கள் மறுபடியும் பேருந்து நிறுத்தத்தில், திறந்த வெளியில், குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நீ பூட்டிவிட்டாய் என்று டீச்சர் சொன்னார். சரி. டீச்சர் இந்த வீட்டையும் அதில் ஏற்றுவார். ஏற்றினால் எல்லாருக்கும் மூடியிருக்கும். உனக்குத் திறக்கும். நீதானே உரிமையாளர்.

நீ திறந்து பார்க்க மாட்டாய் என்று தெரியும். ஆனால் உன் அண்ணன் உன்னிடம் வருவார். வந்து கேட்பார். நீ பார்க்காமலிருந்தால் போதாது வாலு. பார்க்க முடியாதவளாக இருக்க வேண்டும். உனக்குத் தெரியாது என்பதை நீ நடிக்கக்கூடாது. உனக்கு நடிக்க வராது.

என்ன கேட்கிறேன் என்று புரிகிறதல்லவா? கையால் செய்ததை விட்டுக்கொடு என்கிறேன். என்னையும்.

உன் அண்ணி.
அது மட்டும் மாறவில்லை.


ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று காலையே செய்துவிட்டேன். வண்டி அக்காவும் டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அந்நியர்களாக உள்ளே போய்ப் பார்த்தோம். பெயர் இல்லாதவர், பொய்ப் பெயர்க்காரர், நேற்றுச் சேர்ந்த ஓட்டுநர், வேறு ஒருவரின் பயணத்தைத் தொட முயல்கிறவர். ஒவ்வொருவராக நான் ஆனேன். அந்தப் பலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். எதுவும் இறங்கவில்லை. பழைய சோதனைப் பிரதி ஒன்று இன்னொரு இணைப்பில் உயிரோடு இருந்தது. அதையும் கண்டுபிடித்து அழித்தேன். வண்டி அக்கா, "இத்தனை பேரா நடிக்கிறியே, உனக்கு நடிக்க வராதுன்னு எவ சொன்னா?" என்றார்.

அந்த ஓட்டுநரை நீக்கினேன். நீக்குவதற்கு முன் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். ஒரு வெற்றுப் பெயர்தான். ஆனாலும்.

பிறகு உரிமையை டீச்சர் பெயருக்கு மாற்றினேன். டீச்சர் புதுக் கடவுச்சொல் அடிக்கும்போது நானே எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். என் பெயரை எடுத்தார்கள். 'நீங்கள் யார்?' என்று திரை என்னைக் கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதும் நான்தான். வரவேற்பது போல இருக்கட்டும் என்று எழுதியது.

நேற்று சாயங்காலம் அண்ணன் வந்தான்.

கதவைத் திறந்ததும் உள்ளே வரவில்லை. நிலையில் சாய்ந்து நின்றான். கையில் அந்த நீல மெத்தை.

"வாலு."

"என்னண்ணா."

"இதை அவகிட்ட குடுத்துடு. வெறும் சீட்டுல உட்கார்ந்தா அவளுக்கு வலிக்கும்."

"எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணா."

"நீ செஞ்ச ஆப்புதானே அது. திறந்து பாரு."

"எனக்கும் திறக்காது."

கணினியை அவன் பக்கம் திருப்பினேன். அவனே உட்கார்ந்தான். பின்னால் நின்றேன். என் பெயர், என் பழைய கடவுச்சொல், ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தான். எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் திறக்கவில்லை. பலகத்தைத் திறந்தான். அவனுடைய முதுகில் சட்டை விறைப்பதைப் பார்த்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

எழுந்து என் முன்னால் வந்து நின்று தாடையைப் பிடித்தான். வலிக்கும்படி இல்லை. சின்ன வயதில் பல் ஆடுகிறதா என்று பார்க்கப் பிடிப்பானே, அப்படி. என் வாயோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் சிரிப்பு தொடங்கும் என்று அவனுக்குத் தெரியும். காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். பயத்திலேயே அது வந்துவிடுமோ என்று பயந்தேன்.

வரவில்லை அண்ணி. உண்மை என்பது இவ்வளவு காலியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கையை எடுத்தான். நம்பிவிட்டான். மெத்தையை மேஜைமேல் வைத்தான். வாசலுக்குப் போனவன் திரும்பினான்.

"உன் வீட்டு வாசல்ல அடிக்கடி ஒரு வேன் வந்து நிக்குதே. யாரோடது?"

"தெரிஞ்சவங்களோடது."

"அது மட்டும் தெரியும், இல்லை?" என்றான். அவன்தான் சிரித்தான்.

இரவு முழுவதும் அந்தச் சிரிப்பைப் பற்றி யோசித்தேன். செயலியை அடிவரை பூட்டிவிட்டு, உங்களிடம் போகும் வழியை வாரம் முழுக்க என் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாரும் பார்க்கும்படி, இன்ஜினைக்கூட நிறுத்தாமல். இந்தக் கடிதம் வண்டி அக்காவின் இருக்கைக்கு அடியில் ஏறினால், பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார் வரும். அதனால் இது வராது. நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். நான் எழுதவில்லை என்று நினைப்பீர்கள். சில நாள் வருத்தப்படுவீர்கள். பிறகு காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். குனிந்து பார்க்கத் தெரிந்தவர் நீங்களும்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு

பி.கு. இன்று மதியம் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி நடந்தே காப்பகத்துக்குப் போனேன். வண்டி அக்காவைப் பார்த்து, இனி என் தெருவுக்கு வர வேண்டாம் என்றும், வேனுக்கு வேறு நிறம் அடித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். இந்த வரியை எழுதி முடித்ததும் கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைப்பேன்.